டி.எஸ்.3231 கடிகாரப் பலகை: மின்சாரமும் இணையமும் சேர்ந்தே போகும் ஊரில் ஒன்றரை ஆண்டு

யாங்கோனில் ஒரு கோயில் அலுவலகத்தின் கணினி வேலைகளைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இந்த ஊர் இன்னும் ரங்கூன்தான். வேலை பெரியது என்று சொல்ல முடியாது. அர்ச்சனைச் சீட்டு, நன்கொடை ரசீது, வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் வருகைப் பதிவு ஆகிய மூன்றும் ராஸ்பெரி பை 4 என்ற சிறு பலகைக் கணினி ஒன்றில் ஓடும் லினக்ஸ் சர்வரில் சேருகின்றன. அலுவலகத்தில் இருக்கும் மற்ற இரண்டு கணினிகளும் அதனோடு பேசுகின்றன. இந்தச் சர்வருக்காக வாங்கிய, மின்சாரம் போனாலும் நேரத்தைக் காத்து வைக்கும், உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு கடிகாரப் பலகையைப் பற்றியதே இந்த மதிப்புரை. விலை, ஒருவர் வயிறார டான்பௌ பிரியாணி சாப்பிடும் விலைக்குச் சற்று முன்பின்.

அதை வாங்க வைத்தவை இரண்டு ரசீதுகள். பங்குனி உத்திரத்துக்கு மறுநாள் காலை எங்கள் கணக்கர் ஐயா அவற்றை மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். 412ஆம் ரசீதில் காலை 10:40 என்று இருந்தது. 413ஆம் ரசீதில் அதே நாள் காலை 10:21 என்று இருந்தது. "தம்பி, முருகனுக்கு முன்னால் காலம் பின்னோக்கிப் போகலாம், தணிக்கைக்காரருக்கு முன்னால் போகக் கூடாது" என்றார். உண்மையில் 413ஆம் ரசீது பிற்பகல் மூன்று மணிக்குப் போடப்பட்டது. காவடிக் கூட்டம் குறைந்து, மின்சாரம் திரும்பி வந்தபின் நானே அருகில் நின்று பார்த்த ரசீது அது.

காரணம் எளியது. வழக்கமான மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் ஒரு பொத்தான் பேட்டரியும், மின்சாரம் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு சிறு கடிகாரமும் உண்டு. ராஸ்பெரி பை 4 வரை அந்த வசதி கிடையாது. 2023இல் வந்த 5ஆம் பதிப்பில்தான் கடிகாரம் உள்ளேயே அமைந்தது, அதற்கும் பேட்டரியைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடிகாரம் இல்லாத கணினி தேதியை அடியோடு மறந்துவிடாமல் இருக்க, மணிக்கு ஒரு முறையும் ஒழுங்காக அணைக்கும்போதும் அப்போதைய நேரத்தை ஒரு கோப்பில் எழுதி வைத்து, மறுபடி எழும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும் ஒரு போலிக் கடிகார நிரலை அதில் வைத்திருக்கிறார்கள். எங்கள் சர்வரில் அது ஒவ்வொரு மணிக்கும் 17ஆம் நிமிடத்தில் எழுதுகிறது. அன்று மின்சாரம் 10:50 வாக்கில் சொல்லாமல் போயிற்று. பிற்பகலில் எழுந்த சர்வர், தான் கடைசியாக எழுதி வைத்த 10:17இலிருந்து கணக்கைத் தொடங்கியது. இணையம் இருந்திருந்தால் சில நொடிகளில் வெளியிலிருந்து சரியான நேரத்தை வாங்கித் திருத்திக்கொண்டிருக்கும். அன்று அதுவும் இல்லை.

இந்த இடத்தில் வெளியூர் வாசகருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். சர்வரின் நேரத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் என்.டி.பி. என்ற முறையில் இணையம் வழியாக நேரம் வாங்கும்படி அமைத்துவிட்டு அதோடு விட்டுவிடுவார்கள். இணையக் கம்பி எப்போதும் உயிரோடு இருக்கும் ஊரில் அது போதும். இங்கே 2021 பிப்ரவரி நடுவிலிருந்து பல வாரங்கள் இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையம் நாள்தோறும் நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு நிலைமை பல விதமாக மாறியிருக்கிறது என்றாலும், மின்சாரம் மணிக்கணக்கில் போவதும், அது போகும்போது அக்கம்பக்கத்துக் கைப்பேசிக் கோபுரமும் ரவுட்டரும் சேர்ந்து சாய்வதும் எங்களுக்குப் பழகிப்போனவை. மின்சாரம் திரும்பியதும் சர்வர் அரை நிமிடத்தில் எழுந்து நிற்கிறது. இணையம் எழ அரை நாள் ஆகலாம். அந்த அரை நாள் முழுதும் சர்வர் தவறான நேரத்தை நம்பிக்கையோடு அச்சடிக்கும். தேதி பின்தங்கியிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை என்று உலாவி மறுப்பதும் உண்டு. எங்கள் காப்புப் பிரதி நிரல் இப்படித்தான் ஒரு முறை புதிய கோப்பைப் பழையது என்று முடிவு செய்து ஒதுக்கிவிட்டது.

யு.பி.எஸ். வாங்கலாமே என்று பலர் சொன்னார்கள். வாங்கியும் பார்த்தோம். நான்கு மணி நேர வெட்டு ஒன்றுக்கு அது தாங்கும். ஒரே நாளில் இரண்டு வெட்டு வந்தால், இடையில் நிரம்ப நேரமில்லாமல் இரண்டாவதில் படுத்துவிடும். ஓராண்டில் அதன் பேட்டரியே வற்றிவிட்டது. நேரத்தை மட்டும் காப்பாற்றுவதற்குக் கணினி முழுவதையும் விழித்திருக்க வைக்க வேண்டியதில்லை.

டி.எஸ்.3231 என்பது உண்மையில் ஒரு சிப்பின் பெயர். டல்லஸ் செமிகண்டக்டர் உருவாக்கிய கடிகாரச் சிப்புகளின் வரிசையில் வந்தது. அந்த நிறுவனம் மாக்சிமிடமும், மாக்சிம் 2021இல் அனலாக் டிவைசஸிடமும் போய்ச் சேர்ந்தன. விலை குறைந்த கடிகாரச் சிப்புகளில் வெளியே ஒரு குவார்ட்ஸ் படிகத்தைப் பற்றவைத்திருப்பார்கள். வெப்பம் ஏற இறங்க அந்தப் படிகத்தின் துடிப்பும் மாறும், கடிகாரமும் வழுவும். இந்தச் சிப்பில் படிகம் உள்ளேயே இருக்கிறது. அதோடு ஒரு வெப்பமானியும் இருக்கிறது. 64 வினாடிகளுக்கு ஒரு முறை வெப்பத்தை அளந்து, துடிப்பை அதற்கேற்பத் திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரி வரை பத்து லட்சத்தில் 2 பங்குக்கு மேல் பிழை வராது என்பது தயாரிப்பாளர் தரும் உறுதி. நாளுக்கு 0.17 வினாடி, ஓராண்டுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம். 40 டிகிரிக்கு மேல் அந்த எல்லை 3.5 பங்காகத் தளர்கிறது. எங்கள் அலுவலகத்துக்குத் தகரக் கூரை. ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில் சிப்பின் வெப்பமானியைப் படித்துப் பார்த்தபோது 41.25 டிகிரி என்று காட்டியது; ஆகவே ஆண்டில் சில வாரங்கள் நாங்கள் அந்தத் தளர்ந்த எல்லைக்குள் வாழ்கிறோம்.

சிப்பைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அது அமர்ந்து வரும் பலகையைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. கடைகளில் அதிகம் கிடைப்பது இசட்.எஸ்-042 என்று பொறித்த நீல நிறப் பலகை. பின்பக்கத்தில் பொத்தான் பேட்டரிக்கான கிண்ணம், முன்பக்கத்தில் சிப்பும் ஒரு சிறு நினைவகமும். இந்தப் பலகையில் பேட்டரியை மின்னேற்றுவதற்கு ஒரு பாதை வைத்திருக்கிறார்கள்: 201 என்று எண்ணிட்ட, எள்ளளவு மின்தடை (ரெசிஸ்டர்) ஒன்று, அதையொட்டி, மின்சாரத்தை ஒரே திசையில் விடும், சிவந்த கண்ணாடிக் குழல் போன்ற டையோடு ஒன்று. மறுபடி மின்னேற்றக்கூடிய எல்.ஐ.ஆர்.2032 பேட்டரியை மனத்தில் வைத்து அமைத்தது அது. ஆனால் கடையில் நமக்குக் கிடைப்பதோ, பலகையோடு வருவதோ பெரும்பாலும் மின்னேற்றக் கூடாத சி.ஆர்.2032. பலகைக்கு 5 வோல்ட் கொடுத்தால் அந்தப் பேட்டரிக்குள் மின்சாரம் திணிக்கப்படும். அது உப்பும், கசியும். ராஸ்பெரி பையின் 3.3 வோல்ட் இணைப்பு ஊசியில் (பின்) இணைத்தால் டையோடில் இழப்பதுபோக 2.7 வோல்ட் அளவே மிஞ்சும் என்பதால், 3 வோல்ட் பேட்டரிக்குள் அநேகமாக ஒன்றும் ஏறாது. அப்படியிருந்தும் நான் அந்த மின்தடையை எடுத்துவிட்டேன். நாளை யாராவது இணைப்பை மாற்றிச் செருகினால் என் பெயர்தானே கெடும்.

எடுப்பது ஐந்து நிமிட வேலை. சால்டரிங் கம்பியின் முனையில் கொஞ்சம் ஈயத்தை எடுத்து, மின்தடையின் இரு முனைகளும் ஒன்றாக நனையும்படி அதன் மேல் வைத்தால், ஒரு நொடியில் அது முனையோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். முதல் பலகையில் நான் ஒரு முனையை மட்டும் சூடாக்கி நெம்பினேன். அடியிலிருந்த செப்புத் தகடும் உரிந்து வந்தது. அந்தப் பாதை எப்படியும் அறுபட வேண்டியதுதான் என்பதால் நட்டமில்லை, பார்க்கத்தான் அழகில்லை.

இன்னொரு வகையும் உண்டு: ராஸ்பெரி பையின் ஊசிகளில் நேரே குத்திவிடும்படி ஐந்து துளையோடு வரும் சிறு கறுப்புப் பலகை. கம்பி வேண்டாம், பேட்டரியையே பலகையில் பற்றவைத்திருப்பார்கள். அழகாக இருக்கிறது, ஆனால் பேட்டரி தீர்ந்த நாளில் பலகையையும் தூக்கி எறிய வேண்டும், அல்லது மறுபடி சால்டரிங் கம்பியை எடுக்க வேண்டும். கைக்கடிகாரம் பழுது பார்க்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பேட்டரியைக் கழற்றி மாட்டும் நீலப் பலகையே எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி அமைப்பு. நான்கு கம்பிகள்: ராஸ்பெரி பையின் முதல் ஊசியில் 3.3 வோல்ட், மூன்றாவதிலும் ஐந்தாவதிலும் தகவல் கம்பிகள், ஒன்பதாவதில் தரை (கிரவுண்ட்). தொடக்க அமைப்புக் கோப்பில் இந்தக் கடிகாரத்தின் பெயரைச் சொல்லும் ஒரே ஒரு வரி. இதோடு முடிந்தது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள், நானும் எண்ணினேன். பலகை மூன்று நாள் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. சர்வர் பழையபடி போலிக் கடிகாரத்தையே நம்பிக்கொண்டிருந்தது. அந்தப் போலிக் கடிகாரப் பொதியை நீக்க வேண்டும். எங்களிடம் இருந்த பதிப்பில், வன்பொருள் நேரத்தைப் படித்துக் கணினிக்கு ஊட்டும் சிறு கோப்பு ஒன்றின் தொடக்கத்தில், லினக்ஸைத் தொடக்கி நடத்தும் சிஸ்டம்டி இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பு என்று சொல்லும் மூன்று வரிகள் இருந்தன. அவற்றையும் முடக்க வேண்டியிருந்தது. பலகையோடு வரும் துண்டுத் தாளில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. துண்டுத் தாளே இல்லாமல் வருவதுதான் வழக்கம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்தது நேரத்தை எழுதுவது. லினக்ஸில் டேட் என்ற பழைய கட்டளை கணினியின் ஓடும் நேரத்தை மட்டுமே மாற்றும்; பலகையில் உள்ள கடிகாரத்தைத் தொடாது. அடுத்த முறை அணைத்து எழுப்பினால் மாற்றியது போய்விடும். டைம்டேட்சி.டி.எல். என்ற கட்டளை இரண்டையும் சேர்த்து மாற்றும். ஆனால் தானியங்கி ஒத்திசைவு இயங்கிக்கொண்டிருந்தால் கையால் நேரம் வைக்க மறுத்துவிடும், அதை முதலில் நிறுத்த வேண்டும். இந்த மறுப்பைக் கண்டு கட்டளையே கெட்டுவிட்டது என்று நினைத்து நான் அரை மணி நேரத்தை வீணாக்கியிருக்கிறேன்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் செய்தேன். பலகைக் கடிகாரத்தில் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தைத்தான் எழுத வேண்டும். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து பிற்பகல் 2:30 என்று எழுதிவிட்டேன். அடுத்த முறை எழுந்த சர்வர் அதை யு.டி.சி. என்று எடுத்துக்கொண்டு, மியான்மருக்குரிய ஆறரை மணி நேரத்தைக் கூட்டி, இரவு 9 மணி என்று அறிவித்தது. டைம்டேட்சி.டி.எல். கட்டளையை வெறுமனே தட்டினால் உள்ளூர் நேரம், உலக நேரம், ஆர்.டி.சி. நேரம் (பலகைக் கடிகாரத்தின் நேரம்) என்று அடுத்தடுத்து மூன்று வரிகள் வரும். உள்ளூர் 14:30 என்றால் உலக நேரமும் ஆர்.டி.சி. நேரமும் 08:00 என்று ஒத்திருக்க வேண்டும். இந்த மூன்று வரிகளையும் ஒரு தாளில் எழுதிச் சர்வர் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஆறரை என்ற அந்த அரைதான் இந்த நாட்டில் ஓயாத தொல்லை. வகுப்பறை வாசலில் ஒரு வருகைப் பதிவுக் கருவியை மாட்டினோம். எந்த நிறுவனத்தின் கருவி என்று சொல்ல விரும்பவில்லை. அதன் பட்டியலில் 6 உண்டு, 7 உண்டு, ஆறரை கிடையாது. பிள்ளைகள் எல்லோரும் அரை மணி நேரம் தாமதமாகவோ அரை மணி நேரம் முன்பாகவோதான் வர முடிந்தது. லினக்ஸில் இந்தக் குறை இல்லை. அதன் நேர வலயத் தரவில் இந்நகரத்தின் கதை முழுவதும் இருக்கிறது: 1920 வரை கிரீன்விச்சைவிட 6 மணி 24 நிமிடம் 47 வினாடி முன்னால் என்று ரங்கூனின் சொந்த நேரம், அதன்பின் ஆறரை, 1942 மே முதல் 1945 மே தொடக்கம் வரை 9 மணி, அதாவது ஜப்பான் நேரம். என் பாட்டி "ஜப்பான்காரன் காலத்தில் இருட்டில் எழுந்தோம்" என்று சொன்னதன் பொருள், அந்த வரியைப் படித்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. 2016இல் அந்த வலயத்தின் பெயர் ஆசியா/ரங்கூன் என்பதிலிருந்து ஆசியா/யாங்கோன் என்று மாறியது. பழைய பெயரும் நெடுநாள் வேலை செய்தது. ஆனால் சில லினக்ஸ் வழங்கல்களின் அண்மைப் பதிப்புகளில் பழைய பெயர்களைத் தனிப் பொதியாகப் பிரித்துவிட்டார்கள். பழைய அமைப்பை அப்படியே கொண்டுவந்து வைத்தால் வலயம் அகப்படாமல் சில நிரல்கள் சத்தமின்றி யு.டி.சி.யில் ஓடும். பெயரை மாற்றி எழுதிவிடுங்கள்.

கணக்கர் ஐயாவுக்கு மட்டும் இந்த வலயக் கணக்கு எதுவும் புதிதல்ல. தமிழ்நாட்டிலிருந்து வரும் பஞ்சாங்கத்தில் திதி முடியும் மணிக்கு எப்போதும் ஒரு மணி நேரத்தைக் கூட்டியே எழுதுவார். இராகு காலத்துக்கு மட்டும் கூட்ட மாட்டார், அது இவ்வூர்ச் சூரியனைப் பொறுத்தது என்பார். சர்வரின் உள்ளே ஒரு நேரம், திரையில் ஒரு நேரம் என்று நான் தயங்கித் தயங்கி விளக்கத் தொடங்கியபோது, "சரி, பஞ்சாங்கம் உள்ளே, கடிகாரம் வெளியே" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

இப்போது முடிவுகள். ஒன்றரை ஆண்டில் ரசீது வரிசையும் நேர வரிசையும் ஒரு முறைகூட முரண்படவில்லை. அடுத்து வந்த திஞ்சான் தண்ணீர்த் திருவிழா விடுமுறையில் சர்வரை முற்றிலும் அணைத்து, மின்கம்பியையும் பிடுங்கி வைத்துவிட்டுப் போனோம். பத்து நாள் கழித்து இணையக் கம்பியைச் செருகாமல் எழுப்பி, அதன்பின் செருகி, இணையத்திலிருந்து நேரம் வாங்கும் க்ரோனி நிரல் எவ்வளவு வேறுபாடு கண்டது என்று பார்த்தேன்: ஒரு வினாடிக்கும் குறைவு. சித்திரை வெயிலில் பூட்டிய அறைக்குள் பத்து நாள் இருந்த டான்பௌ விலைப் பொருளுக்கு இது மிக நல்ல மதிப்பெண்.

ஆயினும் எல்லாப் பலகையும் இப்படி வராது. மாற்றாக இருக்கட்டும் என்று வேறொரு கடையில் வாங்கிய இரண்டாவது பலகை ஒரே வாரத்தில் 20 வினாடி பின்தங்கியது. உறுதியளித்த எல்லையைப்போல் பதினைந்து மடங்குக்கும் மேல். சிப் அசல்தானா என்று கேட்டேன். நேரம் ஓடுகிறதே, பிறகென்ன என்றார் கடைக்காரர். திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. வாங்கும்போது சிப்பின் மேல் உள்ள எழுத்தைக் கண்ணாடி வைத்துப் படியுங்கள். பெயரின் முடிவில் எஸ்.என். என்றிருப்பது படிக வகை, எம். என்று முடிவது வேறு அமைப்பு, அதற்குப் பத்து லட்சத்தில் 5 பங்கு வரை பிழை அனுமதி உண்டு, மாதத்துக்கு 13 வினாடி. ரசீது போட அதுவும் போதும். எழுத்து மங்கியோ சுரண்டியோ இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பேட்டரி இல்லாமல் வருவதும், வந்தாலும் பாதி உயிரோடு வருவதும் உண்டு. புதிதாக ஒன்று வாங்கிப் போடுவதே நல்லது.

இணையம் இருக்கும் நேரங்களில் க்ரோனி வழக்கம்போல் வெளியிலிருந்து நேரம் வாங்குகிறது. அதற்குரிய ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் லினக்ஸ் கரு (கெர்னல்) 11 நிமிடத்துக்கு ஒரு முறை பலகையையும் திருத்தி வைக்கிறது. இணையம் இல்லாத நேரங்களில் இந்தச் சர்வரே அலுவலகத்தின் மற்ற இரண்டு கணினிகளுக்கும் நேரம் கொடுக்கும்படி அமைத்திருக்கிறேன். மூன்றும் ஒன்றாகத் தவறலாம், ஆனால் ஒன்றுக்கொன்று முரண்படா. இந்த அமைப்புக்கு ஆன செலவு பலகையின் விலையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்.

ராஸ்பெரி பை 5 வைத்திருப்பவருக்கு இந்தப் பலகை தேவையில்லை. அதற்குரிய பேட்டரியை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கம்பியும் மின்சாரமும் ஒருபோதும் சாயாத இடத்தில் சர்வர் வைத்திருப்பவருக்கும் தேவையில்லை. மற்றவர்களுக்கு, மின்தடையை எடுக்கக் கை நடுங்காது என்றால், தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சென்ற மாதம் மௌல்மேனில் இருக்கும் ஒரு கோயிலிலிருந்து கேட்டார்கள். இரண்டு வாங்கி, எழுத்தைப் படித்து, மின்தடையை எடுத்து, புதுப் பேட்டரி போட்டு, ஒரு வாரம் மேசையில் ஓடவிட்டுப் பார்த்தபின், மூடிக்குள் ஒட்டுவதற்கான அந்த மூன்று வரித் தாளையும் உடன் வைத்துப் பேருந்தில் அனுப்பியிருக்கிறேன்.